டிரில் மாஸ்டரைத் தொடர்ந்த எறும்புகள்

ஆவாரம்பேட்டை ஆசிரியர் காலனியில் எறும்புகள் ஆட்களின் பின்னால் நடக்கத் தொடங்கியது ஒரு புரட்டாசியில், மழை பெய்து வெறித்த காலை நேரத்தில். முதலில் அவை டெய்சி டீச்சரின் பின்னால்தான் போயின. அவர் வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பியபோது, கறுப்பாக, பொடிப்பொடியாக, யாரையும் கடிக்காத, சாமி எறும்பு என்று பேர் வைத்து எந்த வீட்டிலும் நசுக்காமல் விடுகிற அந்த எறும்புகள், நூல் பிடித்த மாதிரி வரிசை கட்டி அவருக்குப் பின்னாலேயே படியேறின. அவர் அடுப்படிக்குப் போனால் அடுப்படிக்கும், பீரோவைத் திறந்தால் பீரோ வரைக்கும், பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை கேட்கப் போனால் அந்த வீட்டு வாசலுக்கும் போய், அவர் பேசி முடிக்கும் வரை காத்திருந்து, அவர் கிளம்பியதும் கிளம்பின. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போயின. பிரசங்கம் முடியும் வரை பெஞ்சுக்கு அடியில் அசையாமல் இருந்தன என்று சொல்கிறார்கள்.

டெய்சி டீச்சருக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது. பேத்தியின் பிறந்தநாள் கேக்கில் முதல் துண்டையும் கடைசித் துண்டையும் தான்தான் சாப்பிட்டதாக யாரும் கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டார். லேபில் போய் விரலைக் கொடுத்தபோது சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. வாயைக் கட்டி, மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, கொஞ்ச நாள் காலையும் மாலையும் நடந்ததும் எறும்புகள் அவரை விட்டு விலகி, ரோட்டைக் கடந்து, எதிர்வீட்டுத் தமிழய்யாவின் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டன. தமிழய்யா வேட்டியைத் தழையத் தழையக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். எறும்புகள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

காரணம் ஆராய அந்தக் காலனியில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அறிவியல் ஆசிரியர் எல்லாம் வாசனை என்றார். கோயில் பூசாரி அம்மன் அனுப்பிய காவல் என்றார். இரண்டு பேரும் டீக்கடையில் அதைப் பேசி முடிப்பதற்குள் டீ ஆறிப்போனது. காலனியும் அதைவிட முக்கியமான விஷயத்துக்குப் போய்விட்டது. எறும்பு ஏன் வருகிறது என்பதா முக்கியம்? யார் பின்னால் வருகிறது என்பதுதானே முக்கியம்.

ஏனென்றால் காலனியில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, அந்தப் பாதிப் பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. மாதம் ஒரு தரம் லேப் குணசீலன் பூங்காவுக்கே வந்து எல்லோருக்கும் ரத்தம் எடுப்பான். அதற்கு முந்தின இரண்டு நாளும் காலனி சாமியார் மடமாகிவிடும். கேழ்வரகுக் களியும் பாகற்காயும் வெந்தயத் தண்ணீருமாக ஒவ்வொரு வீடும் மணக்கும். ரத்தம் கொடுத்த கையோடு, முழங்கை மடிப்பில் வைத்த பஞ்சை எடுக்காமலேயே, அத்தனை பேரும் நேரே டீக்கடைக்குப் போய் வெங்காய பஜ்ஜிக்கும் இனிப்பு போண்டாவுக்கும் சொல்வார்கள். அதனால் ஊரிலேயே ஆரோக்கியமான சர்க்கரைக்காரர்கள் என்ற பேர் அவர்களுக்கு இருந்தது. எறும்புகள் தேதி பார்த்து வரவில்லை. வம்பு அதில்தான் வந்தது.

அதன் பிறகு காலனியில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முகத்தைப் பார்ப்பதை விட்டுத் தரையைப் பார்த்தார்கள். கல்யாணப் பந்தியில் எதிர் வரிசைக்காரர் பாயசத்தை ஒதுக்கிவிட்டாரே என்று யாரும் மெச்சவில்லை. கை கழுவப் போகும்போது அவருக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்கள். எல்லோரும் வாத்தியார்கள் என்பதால் வீட்டுக்கு வீடு சாக்பீஸ் இருந்தது, வாசல்படியில் குறுக்கே கோடு கிழித்தார்கள், எறும்புகள் கோட்டின் மேலேயே நடந்து கால் வெளுத்து உள்ளே வந்தன. விடியும் முன்பே எழுந்து வாசலைக் கழுவுகிறவர்களைப் பார்த்தால் சந்தேகம். கழுவாமல் இருக்கிறவர்களைப் பார்த்தால், இவ்வளவு தைரியம் எப்படி வந்தது என்று அதற்கு ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரி வேண்டுமென்றே தன் நடையில் சீனியைத் தூவிவிட்டதாக ஓர் அம்மா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். எறும்புகள் அந்தச் சீனியைத் தொடவில்லை. சிந்திக் கிடக்கும் சர்க்கரை அவற்றுக்கு வேண்டியிருக்கவில்லை, ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரைதான் வேண்டியிருந்தது.

இத்தனை அமளியிலும் எறும்பு அண்டாத ஒரு ஆள் காலனியில் இருந்தார். அவர் டிரில் மாஸ்டர் தவசிலிங்கம்.

ஓய்வு பெற்றும் கழுத்திலிருந்து விசில் இறங்காத மனிதர். வைகறை நடைக்கழகம் என்று ஒன்றைத் தொடங்கி, பூங்காவுக்குள் கூழாங்கல் பதித்து எட்டு வடிவத்தில் ஒரு பாதை போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த எட்டில் சுற்றிச் சுற்றி நடந்தால் சர்க்கரை இறங்கும் என்று காலனியையே நடக்க வைத்தவர் அவர்தான். நடந்து முடிந்ததும் எல்லோரும் வட்டமாக நின்று வானத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரிப்பு வராவிட்டாலும் சிரிக்க வேண்டும். பிறகு "சர்க்கரை எனக்கு வேலைக்காரன், நான் அதுக்கு முதலாளி" என்று கையை உயர்த்திச் சொல்ல வேண்டும். மாதா மாதம் நல்ல ரிசல்ட் வாங்கியவருக்குக் கழகத்தின் தலைவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அரியநாயகம், பொன்னாடை போர்த்துவார். தவசிலிங்கம் வீட்டு பீரோவில் பொன்னாடைகளே ஒரு தட்டு நிறைய இருந்தன. கடைசியாகப் போர்த்தியபோது அவர் மைக்கைப் பிடித்து, ஆரம்பத்தில் கூழாங்கல் முள்ளாகக் குத்தியது, இப்போது பட்டு மெத்தைமேல் நடக்கிற மாதிரி இருக்கிறது, கல் இருப்பதே காலுக்குத் தெரியவில்லை, இதுதான் நண்பர்களே முன்னேற்றம் என்று பேசினார். கை தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அந்தக் கூட்டத்தில் கை தட்டாத ஒரே ஆள் அவருடைய மனைவி வெயிலுகந்தாள்.

அவளுக்குப் புருஷன் மேல் கோபம் ஒன்றுமில்லை. யார் சொல்வதையும் அவள் சட்டென்று நம்புவதில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ரிடையர் ஆனவள். ஒரு முட்டை வாங்கித் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்கிற பிள்ளையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். சின்ன வயதிலிருந்து மனிதர்களை இப்படியே பார்த்துப் பழகியவளுக்கு, முகம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ அவ்வளவு சந்தேகம் வரும். அதற்கு மேலாக அவளுக்கு ஒரு பயம் இருந்தது. தவசிலிங்கத்தின் அண்ணன் சண்முகவேலுக்கும் இதே சர்க்கரைதான். அவருக்கு முதலில் கால் விரல் போனது, பிறகு பாதம், பிறகு முழங்கால் வரைக்கும் போனது, அதற்குப் பிறகு அவரே போனார். கடைசி வரை ஒரு வாய் இனிப்புக்கூடத் தொடவில்லை என்று பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தவரின் தலையணை உறைக்குள்ளிருந்து, காரியம் முடிந்து துணி துவைக்க எடுத்தபோது, மிட்டாய் சுற்றிய காகிதங்கள் கத்தையாக விழுந்தன. அந்தக் காகிதங்களைப் பொறுக்கியவள் வெயிலுகந்தாள். தன் புருஷன் இரண்டு காலோடுதான் பிறந்தார், போகிற அன்றைக்கும் இரண்டு காலோடுதான் போக வேண்டும் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

பொன்னாடை போர்த்திய வாரமே எறும்புகள் தவசிலிங்கத்தின் பின்னால் வந்தன. ஒன்றிரண்டு இல்லை, டெய்சி டீச்சருக்கும் தமிழய்யாவுக்கும் வந்ததைப்போலப் பல மடங்கு, சுண்டு விரல் மொத்தத்துக்கு ஒரு கறுப்பு வடமாகப் பூங்காவின் வாசலில் ஆரம்பித்து அவர் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்தன. நடைக்கழகத்து ஆட்கள் அவருக்கு வழிவிட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை, அன்றைக்குச் சிரிப்புப் பயிற்சியும் நடக்கவில்லை.

வெயிலுகந்தாள் வாசலில் நின்று அந்த வடத்தைப் பார்த்தாள். பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், "என்ன தின்னீங்க?" என்றாள்.

தவசிலிங்கம் ஒன்றுமில்லை என்றார். அண்ணன் சொன்ன அதே குரலில் சொன்னதாக அவள் காதுக்குக் கேட்டது.

அன்றிலிருந்து அந்த வீடு போலீஸ் ஸ்டேஷனாகிவிட்டது. சீனி டப்பாவுக்குள் உள் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்தாள். கருப்பட்டியைத் துணியில் முடிந்து தன் சேலை மடிப்புகளுக்கு நடுவே பீரோவில் பூட்டினாள். ஸ்கூட்டரின் முன் பெட்டி, டிக்கி, சட்டைப்பை, பனியன், விசிலின் ஓட்டை என ஒன்றையும் விடவில்லை. வெளியே போய்விட்டு வந்தால் வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தாள். மாத்திரையை விழுங்கியதும், பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கிற நாளில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நாக்கைத் தூக்கச் சொன்ன மாதிரியே அவரையும் தூக்கச் சொன்னாள். மாத்திரை உள்ளே போயிருந்தது. சீனி கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. வாயில் வெந்தய வாசனைதான் வந்தது. எல்லாம் சரியாக இருந்ததால் அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. இவ்வளவு சுத்தமாகச் செய்கிறவர் எவ்வளவு நாளாகச் செய்கிறாரோ என்று நினைத்தாள்.

இட்லியைக் குறைத்தாள், பிறகு நிறுத்தினாள். களியைக் கையளவாக்கினாள். எறும்பு குறையவில்லை, வடம் கட்டை விரல் மொத்தமாயிற்று. மருந்துக்கடையில் சாயங்காலம் உட்காருகிற டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்து, வாத்தியாரே இப்படிச் செய்யலாமா என்று அரைமணி நேரம் வாய்க்கட்டுப்பாட்டைப் பற்றி எடுத்துச் சொல்லி, மாத்திரையைக் கூட்டினார். எறும்புகள் அவர் அறைக்குள் வரவில்லை, வெளியே செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றுவிட்டன.

காலனியும் சும்மா இருக்கவில்லை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மாதிரி இருந்துகொண்டு நம்மை எல்லாம் களி தின்ன வைத்தாரே என்று கொதித்தார்கள். சிரித்துச் சிரித்தே மறைத்திருக்கிறார் என்றார்கள்; அதற்குப் பிறகு யார் உற்சாகமாகப் பேசினாலும் சந்தேகம் வந்தது. ஒருவர் காலை வணக்கத்தைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எட்டுப் பாதையில் ஆள் குறைந்தது. டிரில் மாஸ்டருக்கே முடியவில்லை, நமக்கு என்ன என்று கழகத்து ஆட்கள் பகிரங்கமாக பஜ்ஜி சாப்பிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வரிசை நின்றது, டீக்கடை வாசலில் கால் வைக்க இடமில்லை. அரியநாயகம் வீட்டுக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எறும்பு விஷயம் தெளிகிற வரைக்கும் விசிலை மட்டும் கழகத்தில் கொடுத்து வைக்கலாமே என்று மென்று விழுங்கினார். தவசிலிங்கம் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

டெய்சி டீச்சர் மட்டும் வெயிலுகந்தாளைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, அண்ணன் அப்படிப்பட்டவரு இல்ல. நான் நம்புறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதோடு போய்விட்டார். அவர் நம்பியதால் அவருக்கு அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

விசில் போனதும் தவசிலிங்கம் நடப்பதை விட்டார். விடிந்தாலும் எழுவதில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். மாத்திரையை அவள் நீட்டினால் விழுங்கினார், நீட்டாவிட்டால் கேட்கவில்லை. முன்பெல்லாம் பாகற்காயையே அல்வா சாப்பிடுகிற முகத்தோடு சாப்பிட்டு, இன்றைக்கு என்ன பிரமாதம் என்று அவளைச் சீண்டுகிறவர், இப்போது எதைப் போட்டாலும் பாதியில் கை கழுவினார். அவள் அதையும் சந்தேகப்பட்டாள். பசி இல்லை என்றால் வேறெங்கோ வயிறு நிறைகிறது என்றுதானே அர்த்தம்? ஆனாலும் அவர் பாதி வைத்த தட்டைக் கழுவும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஏன் வருகிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் தானாகவே எழுந்து, முகம் கழுவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ரேடியோவுக்குப் பேட்டரி வாங்கி வருகிறேன் என்றார். ரேடியோவை அவர் தொட்டே மாதக்கணக்காகிறது. வெயிலுகந்தாள் சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் தெருமுனை திரும்பியதும் சேலையை இழுத்துச் செருகி, குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள்.

முன்னால் புருஷன் போனார், அவருக்குப் பின்னால் எறும்புகள் போயின, எறும்புகளுக்குப் பின்னால் அவள் போனாள். பூங்காவைத் தாண்டி, கழகத்து ஆட்கள் பேச்சை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்க, ரேஷன் கடையைத் தாண்டி, தீப்பெட்டி ஆபீஸ் விட்டுப் பெண்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற ரோட்டைத் தாண்டி, அந்தப் பெண்களும் எறும்புகளை மிதிக்காமல் சைக்கிளைத் தூக்கித் தூக்கி வைக்க, மூன்றும் ஒன்றின் பின் ஒன்றாகப் பஜாருக்குள் நுழைந்தன. ஒரு ஊர்வலம் போகிறது என்றே கடைக்காரர்கள் நினைத்திருப்பார்கள். பேட்டரி விற்கிற கடை வந்தது, அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெயிலுகந்தாள் நடையை எட்டிப் போட்டாள்.

அவர் போய் நின்றது மிட்டாய்க் கடையில். இரும்புச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்துப் பாகில் போட்ட கருப்பட்டி மிட்டாய் தட்டில் மினுமினுவென்று இருந்தது. கடைக்காரர் அவரையும் அவருக்குப் பின்னால் நிற்கிற வடத்தையும் பார்த்துத் தயங்கினார். தவசிலிங்கம் என்னவோ சொன்னார். காகிதத்தில் வைத்து ஒரு மிட்டாய் கைக்கு வந்தது. அவர் கடையோரத்தில் ஒதுங்கி நின்று, அதை ஒரு கடி கடித்தார்.

எதிர்ச்சாரியில் குடையை விரித்துக்கொண்டு நின்ற வெயிலுகந்தாளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. இத்தனை நாள் தேடியது கிடைத்தாயிற்று. அடுத்த நொடியே, அண்ணனின் தலையணையும் அந்தக் காகிதங்களும் ஞாபகம் வந்தன. இந்த மனிதனையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று தோன்றியது. குடையை மடக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்பதென்று அவள் வாயைத் திறக்கும்போது, அவர் கையிலிருந்த மிட்டாயிலிருந்து பாகு சொட்டித் தரையில் விழுந்தது.

எறும்புகள் அந்தப் பாகைத் தொடாமல் சுற்றிப் போயின.

வெயிலுகந்தாள் நின்றுவிட்டாள். மறுபடியும் ஒரு சொட்டு விழுந்தது, மறுபடியும் எறும்புகள் தண்ணீர் தேங்கிய இடத்தைத் தாண்டுகிற மாதிரி ஒதுங்கிப் போயின. மிட்டாய் இருந்த கைக்கு ஒன்றுகூட ஏறவில்லை. மொத்த வடமும் அவருடைய இடது செருப்பின் மேல் ஏறி, தேய்ந்துபோன அதன் விளிம்புக்கு வெளியே பிதுங்கிய குதிகாலில் போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு வெடிப்புக்குள் நுழைந்து வந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் காலனியே எறும்பு யாருக்குப் பின்னால் போகிறது என்று பார்த்ததே தவிர, எங்கே போய்ச் சேருகிறது என்று யாரும் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே நில்லுங்க" என்றாள்.

தவசிலிங்கம் திடுக்கிட்டுத் திரும்பினார். வாயோரத்தில் பாகு ஒட்டியிருந்தது. "இன்னைக்குத்தான் வெயிலு, மொத தடவ" என்றார். "தின்னேன்னு பேரு வந்தாச்சு. யாரும் நம்பல. நீயும் நம்பல. பெறகு யாருக்காக வாயக் கட்டணும்னு இருந்துச்சு. அதான் வந்தேன்."

"அத பெறகு பேசலாம். கால அசைக்காதீங்க."

பஜாரின் நடுவே, போகிறவர் வருகிறவர் பார்க்க, அவள் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவருடைய இடது பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எறும்புகளைப் புறங்கையால் மெல்ல ஒதுக்கினாள். அவை ஒதுங்கி வட்டமாக நின்றன. குதிகால் வெடிப்புக்குள் கறுப்பாக ஒரு புள்ளி, அதைச் சுற்றிச் சதை கன்றிப்போய் ஊதாவாக இருந்தது. கட்டை விரலால் அமுக்கினாள். சீழ் வந்தது, அதோடு ஒரு கருவேல முள்ளின் முனையும் வெளியே தெரிந்தது. பலம் கொண்ட மட்டும் அமுக்கிக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வலிக்குதா?"

"என்னது?" என்றார் தவசிலிங்கம்.

கல் இருப்பதே காலுக்குத் தெரியவில்லை என்று மைக்கில் பேசினாரே, அதற்குத்தான் ஊரே கை தட்டியது. பட்டு மெத்தை என்று நினைத்த எட்டுப் பாதையில் காற்றடித்துக் கொண்டுவந்து போட்ட முள்ளை அவர் வெறுங்காலோடு மிதித்து, அதன் மேலேயே நாள் தவறாமல் நடந்து, சிரித்து, கையை உயர்த்திக் கத்தியிருக்கிறார். கால் மரத்துப்போனதை அத்தனை பேரும் முன்னேற்றம் என்று நினைத்துப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். புண் உள்ளுக்குள் பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறியிருக்கிறது. சர்க்கரை ஏற ஏறப் புண் பழுத்திருக்கிறது. அந்த மனிதர் சொன்னதெல்லாம் உண்மை. பட்டினி போட்டது நான்தான் என்று வெயிலுகந்தாளுக்கு உறைத்தபோது, அவருடைய பாதத்தை விடாமல், மிட்டாய்க் கடை வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கடைக்காரர் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார்.

பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் குதிகாலைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். கொஞ்சம் சதை போனது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் பாதத்தையே எடுத்திருக்க வேண்டியது என்று சொன்ன சர்ஜன் அம்மா, சர்க்கரை ஏறினால் வாயை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது, உடம்பில் எங்காவது புண் இருந்தாலும் ஏறும், மனசு உடைந்தாலும் ஏறும் என்றார். சர்க்கரைக்காரர்கள் செருப்பில்லாமல் கல்லில் நடக்கிற அழகை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். தவசிலிங்கம் கூரையைப் பார்த்தார். வார்டு வாசலில் இடம் பிடித்திருந்த எறும்புகளை நர்சுகள் தாண்டித் தாண்டிப் போனார்கள். புண் ஆறத் தொடங்கி, சர்க்கரை இறங்கி வந்ததும், அவை வந்தபடியே வரிசை கட்டிப் படியிறங்கி, வெளி கேட்டில் இட்லி விற்கிறவரிடமும் தலையைச் சாய்க்காமல், ஊரைப் பார்த்துப் போய்விட்டன.

சேதி கேட்ட காலனி உடனே மாறிக்கொண்டது. எட்டுப் பாதைக்குப் பக்கத்தில் யாரும் போகவில்லை. கூழாங்கல்லைப் பெயர்த்தெடுத்துச் செம்பருத்திக்குப் பாத்தி கட்டினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் இன்னும்கூடப் பார்க்கவில்லை, ஆனால் இப்போது காலைப் பார்த்தார்கள். தமிழய்யா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அறிவியல் ஆசிரியரின் விரலிடுக்கை டார்ச் அடித்துப் பார்த்தார். அரியநாயகம் புதுப் பொன்னாடை ஒன்றும் விசிலும் எடுத்துக்கொண்டு ஆட்களோடு வந்து, தங்கச்சிதான் எங்கள் கழகத்தின் கண் என்று வெயிலுகந்தாளுக்குப் போர்த்தப் பார்த்தார். அவள் பொன்னாடையைக் கையில் வாங்கி, நாலாக மடித்து, ஸ்டூலின் மேல் போட்டு, அதன்மேல் புருஷனின் கட்டுப்போட்ட காலைத் தூக்கி வைத்தாள். வந்தவர்கள் கொண்டுவந்த ஆப்பிளையும் பிஸ்கட்டையும் அவர்களிடமே கொடுத்தனுப்பினாள். விசிலை மட்டும் வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு அவள் கேழ்வரகு தோசையை, இந்த முறை வயிறு நிறைகிற அளவுக்கு, தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். தவசிலிங்கம் சாப்பிட்டார். பாகற்காயில் உப்பு குறைவு என்றார். அவர் குறை சொல்லிக் கேட்டு எத்தனையோ நாளாயிருந்ததால் அவளுக்குச் சிரிப்பு வந்தது. புண் ஆறட்டும், செருப்புப் போட்டுக்கொண்டு கண்மாய்க்கரை வரைக்கும் மெதுவாக நடந்துவிட்டு வருவேன், கோஷம் எல்லாம் வேண்டாம் என்றார். அவள் பார்க்கலாம் என்றாள்.

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"உண்மையச் சொல்லு வெயிலு. அன்னைக்குப் பஜார்ல என் பின்னாடி வரும்போது, ஒரு துளியாவது என்னை நம்புனியா?"

வெயிலுகந்தாள் யோசிக்கக்கூட இல்லை.

"நம்பியிருந்தா வீட்டுல உக்காந்திருப்பேன்" என்றாள். "அந்தக் காலக் காட்டுங்க."

அவர் நல்ல காலை நீட்டினார். அவள் ஜன்னல் வெளிச்சத்துக்கு அதைத் திருப்பி, ஒவ்வொரு விரலாக விரித்து, அவர் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல, நம்பாமல் பார்த்தாள்.